புயலுக்கு எதிர் நாற்காலி

இந்தக் குதிரையை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் தோற்கத்தான் போகிறோம். அப்புறம் எதற்கு அவசரம்?

தனக்குள் எழுந்த கேள்வி அவளைத் தூக்கிவாரிப் போட்டது. கேள்வி ஒன்றும் பெரிதல்ல. கேட்டது யார் என்பதுதான் விஷயம். விடிந்தால் அடைந்தால் அவளிடம் கேள்வி கேட்பவர்கள் ஊர்ப்பட்ட பேர். அவளே அவளை எதையாவது கேட்டு எத்தனை காலமாயிற்று என்று யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

அவளுக்குப் பேருந்து நிலையத்தில் விசாரணை ஜன்னலில் வேலை. கண்ணாடியில் ஒரு வட்ட ஓட்டை. அந்த ஓட்டையில் ஒரு வாய் போகும், இன்னொரு வாய் வரும். "வண்டி போயிடுச்சாம்மா?" "எந்த வண்டிங்க?" "அதான், இப்பப் போச்சே, அது." அவள் தலைக்கு மேலேயே நேரப் பலகை கதவு அகலத்துக்குத் தொங்குகிறது. அதை மேலிருந்து கீழே நிதானமாகப் படித்து முடித்துவிட்டு, "இதுல போட்டிருக்கிறது நிஜமா?" என்று குனிந்து கேட்பவர்களும் உண்டு. கூட வேலை செய்பவர்கள் அவளுக்கு வைத்த பெயரே 'விசாரணை அக்கா'.

வீட்டுக்குப் போனால் கண்ணாடி மட்டும்தான் இல்லை. என் சட்டை எங்கே என்பதில் தொடங்கி, நான் எதற்காக இந்த அறைக்குள் வந்தேன் என்பதுவரை கணவர் அவளிடம்தான் கேட்பார். வெளியூரில் படிக்கும் மகள், தண்ணீர் கொதித்துவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது எனத் தொலைபேசியில் கேட்பாள். மாமியார் எதுவும் கேட்பதில்லை. "எனக்கு யார் சொல்றா" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். அதற்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்த மண்டபத்திலோ, பலகைக்கு முன்னால் உட்கார்ந்ததிலிருந்து அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கவும் கூடாதாம். அதுதான் விதியாம்.

அவள் இங்கே ஆட வந்தவளே இல்லை. ஆட வந்தவர் கணவர். சதுரங்கம் என்றால் அவருக்கு உயிர். சதுரங்கத்துக்குத்தான் அவர்மேல் அப்படி ஒரு பாசமும் இல்லை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் மேஜையைத் துடைக்கச் சொல்லி, பலகையை விரித்து, புத்தகத்தைத் திறந்து, எதிரே அவளை உட்கார வைப்பார். "கறுப்புக் குதிரையை அங்க வை. அங்க இல்ல, அதுக்குப் பக்கத்துல." வெள்ளையை அவர் நகர்த்துவார். கறுப்பை அவர் சொல்கிறபடி அவள் நகர்த்துவாள். கடைசியில் கறுப்பு தோற்கும். "பார்த்தியா?" என்பார். கல்யாணமான நாளிலிருந்து கறுப்பு ராஜாவைப் படுக்க வைத்து வைத்து அவள் கை பழகிவிட்டது. எந்தக் காய் எப்படிப் போகும் என்பது தூக்கத்திலும் தெரியும். எங்கே போகலாம் என்ற ஒன்றை மட்டும் அவளிடம் யாரும் கேட்டதில்லை.

இன்று கணவருடைய சங்கம் நடத்தும் போட்டி. செலவை ஏற்றவர் ஒரு மெத்தைக் கடைக்காரர். மண்டபத்தின் நாலு சுவரிலும் ஒரு பெண் மெத்தையில் கண்மூடிச் சிரிக்கிற படம். கீழே கொட்டை எழுத்தில், 'படுத்தால் போதும்!'

அவள் சுவரோரம் ஸ்கூட்டர் சாவியையும் சாப்பாட்டு நினைப்பையும் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் சங்கச் செயலாளர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார்.

"அண்ணி, நீங்க மனசு வெச்சா இந்த மானம் தப்பிக்கும்."

"யாரோட மானம்?"

"என்னோடதுதான். முதல் மேஜைக்கு வர வேண்டிய ஆளுக்கு வயித்தைக் கலக்கிடுச்சு, பாத்ரூமை விட்டு வர மாட்டேங்குறான். மத்த எல்லாருக்கும் ஜோடி போட்டாச்சு. புயலுக்கு எதிர்ல வெறும் நாற்காலி. ஃபோட்டோகிராஃபர் வந்து நிக்குறார். வெறும் நாற்காலியோட படம் வந்தா, மெத்தைக்காரர் என்னை மெத்தைக்குள்ள வெச்சுத் தெச்சுடுவார்."

புயல் என்பது அந்த வட்டாரத்தின் சாம்பியனுக்கு ஊர் வைத்த பெயர். எதிராளியின் நாற்காலி சூடாகும் முன்னால் ஆட்டத்தை முடித்துவிடுவாராம். இன்றும் முதல் சுற்றை ஊதித் தள்ளிவிட்டு, நேரே மெத்தைக் கடையின் புதுக் கிளைக்குப் போய் ரிப்பன் வெட்டி, அங்குள்ள மெத்தையில் ஒரு தடவை படுத்து எழுந்து, அடுத்த சுற்றுக்குத் திரும்பிவிடுவதாக ஏற்பாடு.

"எனக்கு ஆடத் தெரியாதுங்களே."

"அதனாலதான் உங்களைக் கேக்குறேன். தெரிஞ்சவங்கன்னா இழுத்தடிப்பாங்க."

கணவர் அதற்குள் அங்கே வந்திருந்தார். "போ, போ. ரொம்ப யோசிச்சுக்கிட்டு இருக்காத. பத்தே நிமிஷம், தோத்துட்டு வந்துடு. தோக்குறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல."

"உங்களுக்குத் தெரியாததா" என்றாள் அவள். செயலாளர் சிரிப்பை அடக்க இருமினார்.

முதல் மேஜையருகே நடுவரம்மா நின்றிருந்தார். பருத்த உடம்பு, கேன்வாஸ் ஷூ, நடந்தால் பூனைக்குக்கூடக் கேட்காது.

"சும்மா படத்துக்கு உட்கார்றது எல்லாம் என்கிட்ட நடக்காது" என்றார். "பேரைச் சேர்த்தா நீங்களும் போட்டியாளர். ஒன்றரை மணி நேரம் உங்களுக்கு, ஒன்றரை மணி நேரம் அவருக்கு. காயை நகர்த்திட்டு இந்தக் கடிகாரத்தை அழுத்தினா, அரை நிமிஷம் கூடக் கிடைக்கும். தொட்ட காயை நகர்த்தியே ஆகணும். ஃபோனைக் குடுங்க."

"ஃபோனையா? வீட்ல இருந்து கூப்பிடுவாங்களே."

"கூப்பிடட்டும்."

"எடுக்கலைன்னா?"

"எடுக்க முடியாதும்மா. அதுக்குத்தான் வாங்கி வைக்கிறோம்." நடுவரம்மா போனை அணைத்து ஓர் உறையில் போட்டு மேஜை இழுப்பறையில் தள்ளினார். "ஆட்டம் முடியுற வரைக்கும் யாரும் உங்ககிட்டப் பேசக்கூடாது. நீங்களும் பேசக்கூடாது."

"யாருமேவா?"

"உங்க வீட்டுக்காரரையும் சேர்த்துத்தான்."

"நிஜமாவா?" என்று அவள் கேட்டாள். கேட்ட பிறகுதான், பலகையைப் படித்துவிட்டு ஓட்டையில் குனிகிறவர்களின் மனசு அவளுக்கு முதல்தடவையாகப் புரிந்தது.

அவளுக்குக் கறுப்பு. பழகிய கைதான். புயல் ஒரு காயை நகர்த்த, இரவு மேஜையில் கணவர் சொல்கிற காயை அவள் நகர்த்த, படம் எடுத்தாயிற்று, ஃபோட்டோகிராஃபரும் போய்விட்டார். அதற்குள் புயலின் ராணி பலகையின் பாதி வரை வந்து, வாடகை கேட்க வந்த வீட்டுக்காரியைப்போல அவள் ராஜாவின் வாசலில் நின்றுவிட்டாள். கணவரின் புத்தகம் இத்தனை தூரம் வந்ததில்லை. இனி எந்தக் காயை எங்கே வைப்பது என்று சொல்ல ஆள் இல்லை. கை குதிரைக்கு மேலே தயங்கி நின்றபோதுதான் அந்தக் கேள்வி வந்தது: அப்புறம் எதற்கு அவசரம்?

கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒரு நிமிடம் போயிற்று. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் போயிற்று. அப்போதும் இல்லை. மண்டபத்தில் மின்விசிறிகளும் எங்கோ ஒரு மூக்குறிஞ்சலும்தான் கேட்டன. சுவரில் மாட்டியிருந்த அட்டையில் 'அமைதி' என்று எழுதி, ஆச்சரியக்குறிகூடப் போடாமல் விட்டிருந்தார்கள்.

முதலில் அவளுக்குப் பயமாக இருந்தது. மனசுக்குள் எட்டிப் பார்த்தால், யாரும் கேட்காதபோது அங்கே ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது. வருகிற நினைப்பெல்லாம் யாருக்கோ சொல்ல வேண்டிய பதிலாகவே வந்தது. நாலாவது பிளாட்ஃபாரம். அலமாரியில் இரண்டாவது தட்டு. குமிழ் வந்தால் கொதித்துவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொன்றையும் போ போ என்று விரட்டினாள். விரட்ட விரட்ட, காலியான வீட்டில் தயங்கித் தயங்கி நுழைகிற பூனைபோல, அவளுடையதேயான நினைப்பு ஒன்று வந்தது.

இந்தக் குதிரைக்குச் சித்தப்பா முகம்.

அதே நீண்ட தாடை. கல்யாண வீடுகளில் தனக்குப் பந்தியில் இடம் பிடித்து வைக்கவில்லை என்று ஓரமாக நிற்பாரே, அதே நிற்பு. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாள். எதிரே புயலின் புருவம் உயர்ந்தது.

அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வந்தது. கணவரின் மீசை தனக்குப் பிடித்திருக்கிறதா, இல்லையா?

இது சாதாரண விஷயமல்ல. பெண் பார்க்க வந்த அன்றே அந்த மீசை வந்திருந்தது. அன்று அவளிடம் காப்பியில் சர்க்கரை போதுமா என்று கேட்டார்கள். மீசையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அப்புறம் கல்யாணம், வேலை, பிள்ளை. யோசிக்க ஒழியவில்லை. மீசையும் அதுபாட்டுக்கு நரைத்துவிட்டது. இதை இன்றைக்காவது உட்கார்ந்து, அக்கக்காகப் பிரித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்று தோன்றியது. அதற்கு நேரம் வேண்டும். நேரம் வேண்டுமென்றால் இந்த ஆட்டம் முடியக் கூடாது.

கடிகாரத்தில் பெரிய துண்டு ஒன்று கழிந்த பிறகு, யாருக்கும் தொந்தரவில்லாமல் ஒரு காயை நகர்த்துவோம் என்று அவள் முடிவு செய்தாள். சண்டை நடக்கும் பக்கத்தை விட்டு, அந்தக் கோடியில் சும்மா நின்றிருந்த ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினாள். கடிகாரத்தை அழுத்தினாள். சொன்னபடியே அரை நிமிடம் கூடியது. வேலை செய்தால் நேரம் திரும்பக் கிடைக்கிற இடம் ஒன்று உலகத்தில் இருக்கிறது. இத்தனை நாள் கணவர் இதைச் சொல்லவே இல்லை.

கால் மாற்றி மாற்றி ஆட்டிக்கொண்டிருந்த புயல் கையை உயர்த்தினார். அப்படியே நிறுத்தினார்.

அந்தக் கை வாழ்க்கையில் நின்றதே இல்லை. இப்போது நின்றது. ஏனென்றால் புயலின் அனுபவத்தில், இவ்வளவு நேரம் யோசித்துவிட்டு ஒருவரும் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளியதில்லை. அதுவும் நடுவில் ஒருமுறை சிரித்துவிட்டு. அவர் அந்தச் சிப்பாயைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் பார்வை அவரது மேலுதட்டில் நிலைத்திருந்தது. அங்கே மீசை இல்லை. இல்லாமலிருந்தால் எப்படி இருக்கும் என்று அவள் ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். புயல் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு, பல வருடங்களில் முதல்முறையாக, தலையில் கைவைத்துக்கொண்டு யோசித்தார்.

யோசித்துப் பழக்கமில்லாதவர் யோசித்தால் என்ன ஆகும்? இல்லாத பொறியெல்லாம் தெரிந்தது. கடைசியில் புயல், வாசலில் நின்ற ராணியைப் பேசாமல் வீட்டுக்கே திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார்.

இதற்குள் மண்டபத்தின் மறுகோடியில் கணவர் வழக்கப்படி தோற்றிருந்தார். தோற்றவருக்குப் பசிக்கும். சாப்பாடு ஸ்கூட்டர் பெட்டியில். சாவி அவள் கைப்பையில். கைப்பை அவள் காலடியில். அவர் முதல் மேஜையைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு அப்பால் வந்து நின்று கண்ணைக் காட்டினார்.

அவள் பார்த்தாள். ஆனால் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கணவர் காற்றில் சாவியைத் திருகினார். பிறகு இரண்டு கைகளாலும் ஹாண்டிலைப் பிடித்து, ஒரு காலால் உதைத்து வண்டியைக் கிளப்பினார். பக்கத்தில் நின்றவர் இரண்டடி விலகினார். கணவர் பெட்டியைத் திறந்து, டப்பாவை எடுத்து, மூடி இறுகிக்கொண்டதுபோல முகத்தைச் சுளித்து, திறந்து, அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். வயிற்றைத் தடவினார். தடவிய கையோடு நிமிர்ந்தபோது, கேன்வாஸ் ஷூ அவர் பின்னால் வந்து நின்றிருந்தது.

"சார், உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"இல்லீங்க, சாவி..."

"ஆடுறவங்களுக்குச் சைகை காட்டினா வெளியில அனுப்பிடுவேன்."

"என் சம்சாரம்ங்க அவ!"

"ஆட்டம் முடியட்டும், அப்புறம் சம்சாரம்."

அந்த வாக்கியம் அவள் காதில் விழுந்தது. இதை எழுதி அந்த 'அமைதி' அட்டைக்குப் பக்கத்தில் மாட்டலாம் என்று நினைத்தாள். குற்றவுணர்ச்சி கொஞ்சம் எட்டிப் பார்க்கத்தான் செய்தது. சாவியை எடுத்துக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் கொடுத்தால், தண்ணீர் பாட்டில் எங்கே என்று அடுத்தது வரும். அந்த ஓட்டையை ஒரு வாய்க்குத் திறந்தால் வரிசையே நின்றுவிடும். அது அவளுக்குத் தொழில்முறையில் தெரியும்.

தன் மந்திரியை எடுத்து, புயலின் குதிரைக்குச் சாய்வாக எதிரே வைத்தாள். இரவு மேஜையில் அந்த மந்திரி எப்போதும் போய் நிற்கிற இடம் அது. குதிரைக்குப் பின்னால், அதே கோட்டில், இப்போதுதான் வீடு திரும்பிய ராணி இருந்தாள். குதிரை விலகினால் ராணி போய்விடுவாள். இதைச் சின்னப் பிள்ளைகூடப் பார்த்துவிடும். புயலும் பார்த்திருப்பார்.

ஆனால் புயல் அப்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே மெத்தைக் கடைக்காரர் நின்றிருந்தார். கையில் ஒரு பெரிய கத்தரிக்கோல். அதைத் திறந்து மூடித் திறந்து மூடிக் காட்டினார். ரிப்பன் காத்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். பார்ப்பதற்கு அப்படி இல்லை. புயல் இதோ, இதோ என்று இடது கையால் சைகை செய்துகொண்டே, வலது கையால் பலகையில் கிடைத்த காயைப் பற்றினார்.

குதிரை.

திரும்பிப் பார்த்தார். கையை நெருப்பில் பட்டதுபோல எடுத்தார். "சரி பண்ணினேன்" என்றார். "கோணலா இருந்தது."

நடுவரம்மா எங்கிருந்துதான் வந்தாரோ. "சரி பண்றதுன்னா தொடுறதுக்கு முன்னாடி சொல்லணும் சார்."

"நான் யாருன்னு தெரியும்ல உங்களுக்கு?"

"தெரியும். குதிரையைத் தொட்டவர்."

புயலின் காது சிவந்தது. குதிரை நகர்ந்தது. அவள் மந்திரியை நீட்டி ராணியை எடுத்தாள். எடுக்கும்போது பாவமாகத்தான் இருந்தது. எத்தனையோ கறுப்பு ராணிகளை இதே கையால் ஓரமாகப் படுக்க வைத்திருக்கிறாள், வெள்ளை ராணி இவ்வளவு கனம் என்று தெரியாது. கயிற்றருகில் கணவரின் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. பசி பறந்துவிட்டது. "என் சம்சாரம்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் ஓசையில்லாமல் வாயசைத்தார். முன்பு விலகிய அதே ஆள் இப்போது நெருங்கி வந்தார்.

இதற்குமேல் அவள் அப்படியே ஜெயித்திருப்பாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். பதிலுக்கு மந்திரி போயிற்று. மீசையின் இடது முனையைப் பற்றித் தீவிரமாக யோசித்துக்கொண்டிருந்தபோது ஒரு யானையும் போயிற்று. கணவர் நெற்றியில் அறைந்துகொண்ட ஓசை அமைதியில் நன்றாகக் கேட்டது. கணக்கு ஏறக்குறைய நேராகிவிட்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. யோசித்து, நகர்த்தி, அழுத்தி, அரை நிமிடம் வாங்கி, மறுபடி யோசித்தாள். பெரிய நேரமெல்லாம் கரைந்து, சில்லறையாக வருகிற நேரத்தில் இப்போது ஆட்டம் போய்க்கொண்டிருந்தது. சில்லறையானாலும் அவளுடையது. மற்ற மேஜைகள் காலியாகி, ஆட வந்தவர்களெல்லாம் கயிற்றைச் சுற்றிக் குழுமிவிட்டார்கள். செயலாளர் நகத்தைக் கடித்து முடித்துவிட்டு அடுத்த கையைத் தொடங்கியிருந்தார். ஜன்னலில் கத்தரிக்கோல் இப்போது வேகமாகத் திறந்து மூடியது.

புயல் ஒரு காயை நகர்த்தினார். சட்டைக் கைகளை இழுத்துவிட்டுக்கொண்டு, முன்னால் சாய்ந்து, முகத்தில் பெருந்தன்மையைக் கொண்டுவந்தார்.

"ட்ரா பண்ணிக்கலாமா, மேடம்?"

கடிகாரத்தை அழுத்தினார்.

கயிற்றுக்கு அப்பால் மூச்சு நின்றது. புயலோடு ட்ரா! சங்கத்தில் ஒருவருக்கும் கிடைக்காதது. கணவர் இரண்டு கைகளையும் கூப்பினார். பிறகு கட்டை விரல்களை உயர்த்தினார். பிறகு தலையை எவ்வளவு பலமாக ஆட்ட முடியுமோ அவ்வளவு பலமாக ஆட்டினார். சரின்னு சொல்லு, சரின்னு சொல்லு என்று உதடுகள் அசைந்தன. உதடுகளுக்கு மேலே மீசையும் ஏறி இறங்கியது.

ஒன்றும் கேட்காமல் அசைகிறபோது அந்த மீசை அத்தனை மோசமில்லை என்று அவளுக்குப் பட்டது. ஆனால் அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடக் கூடாது. வலது முனையை இன்னும் எடுத்துக்கொள்ளவே இல்லை.

கேள்வி பாதியில் இருக்கும்போதே பதில் ஓடிவந்துவிடுகிற வாய் அவளுடையது. சரிங்க என்பது நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. சரிங்க என்றால் எழுந்திருக்க வேண்டும். கைகுலுக்க வேண்டும். உறையிலிருந்து போன் வெளியே வரும். சாவி எங்கே, எப்படி ஆடினே, ஏன் அந்த யானையை விட்டே, சாப்பாடு ஆறிடுச்சே. அவள் நாக்கை மடக்கிக்கொண்டாள்.

"வேண்டாம் சார்" என்றாள், பக்கத்து மேஜைக்குக்கூடக் கேட்காத குரலில். "ஆடலாம்."

புயலின் பெருந்தன்மை அப்படியே முகத்தில் உறைந்தது. "ஏன் மேடம்?"

அவள் உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டு, பலகையின் பக்கம் குனிந்தாள்.